கதவு நிலையைப் பார்த்துப் பேசியவர்

சண்டைக் காலத்தில் ஆரப்பாளையத்துக்குத் தந்தி கொண்டுவந்தவரின் பெயர் எனக்குத் தெரியாது. காக்கிக் கோட்டு, முள்முள்ளாய் நரைத்த தாடி. தந்தி இங்கிலீஷில் இருக்கும் என்பதால், வாசலில் நின்று அவரே படித்துச் சொல்வார்.

பள்ளிக்கூட விழாவில் நான் பேச வேண்டியிருந்தது. கிணற்றடியில் சொல்லிப் பார்த்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது, அழுதுவிட்டேன். தண்ணீர் குடிக்க வந்த தந்திக்காரர் பார்த்துவிட்டார்.

"ஆளுக மூஞ்சியப் பாக்காத தாயி. எதிர்க்கக் கதவு நெல இருக்கும்ல, அதப் பாத்துச் சொல்லு. நானும் அப்பிடித்தான்."

"உங்களுக்குமா பயம்?"

"நல்ல சேதின்னா மூஞ்சியப் பாத்தே சொல்லிருவேன். மத்ததுக்கு நெலதான்."

அவர் சொன்னபடியே பேசினேன். கை தட்டினார்கள். பர்மா சண்டைக்குப் போயிருந்த அண்ணன் லீவில் வந்ததும் பேசிக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுவாரம் அவர் சைக்கிள் எங்கள் வாசலில் நின்றது. நான் ஓடிப்போய், "மாமா, நல்லாப் பேசிட்டேன்" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வாசற்படிக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"எம் மகன் எப்ப வாரானாம்ணே?"

அவர் கண்கள் அம்மாவின் தலைக்கு மேலே, எங்கள் கதவு நிலைக்கு ஏறின. அம்மா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.