பாளையங்கால்வாய், நாற்பத்து மூன்று நிமிடம்

சுடலைவடிவு இறந்த பதினோராவது நாள் அவள் மகனுக்குச் சென்னையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அம்மா போட்ட படங்களையும் ஆறு வீடியோக்களையும் சேர்த்துப் பாளையங்கோட்டையில் ஒரு கண்காட்சி வைக்க இருப்பதாகவும், கடைசி வீடியோவின் அசல் கோப்பு வேண்டும் என்றும் ஓவியக்கூடம் நடத்தும் வித்யாலக்ஷ்மி எழுதியிருந்தார். செந்தில்முருகன் படித்துவிட்டு மடிக்கணினியை மூடினான். அசல் கோப்பு இல்லை. அழித்தது அவன்தான்.

வடிவு சேரன்மகாதேவிப் பக்கம் வயல்கூலிக்குப் போகும் வீட்டில் நாலாவது பெண். பத்தாம் வகுப்பு முடித்துப் பேட்டை ஐ.டி.ஐ.யில் கட்டட வரைபடம் படித்தாள். படித்த கையோடு வண்ணார்பேட்டையில் இன்ஜினியர் சிவசண்முகத்தின் அலுவலகத்தில் வேலை. வீட்டு பிளான் வரைய வேண்டும். டிரேசிங் தாளில் மைப்பேனாவால் கோடு இழுப்பாள். தப்பாகிப் போனால் பிளேடால் பைய சுரண்டிவிட்டு மறுபடி இழுப்பாள். பேட்டையில் லேத் ஓட்டிய கொம்பையாவைக் கட்டினாள். ஒரே பிள்ளை. அவன் கல்லூரியில் சேர்ந்த வருடம் கொம்பையா காமாலையில் போய்ச் சேர்ந்தார்.

அலுவலகத்தில் பிளான் போட்டுக் கொடுத்த வீடுகளுக்குப் பால் காய்ச்ச அழைப்பார்கள். எல்லோரும் அன்றைக்குப் போவார்கள். வடிவு ஆறு மாதம் கழித்து ஒரு தடவை போவாள். பூஜை அறை என்று அவள் எழுதிய இடத்தில் அரிசி மூட்டை அடுக்கியிருக்கும். பெரிய படுக்கையறையை மும்பையில் இருக்கும் மகனுக்கென்று பூட்டி வைத்துவிட்டுப் பெரியவர் ஹாலில் கட்டில் போட்டுக் கிடப்பார். வீட்டம்மாவுக்கு உட்கார ஓர் இடம் இருக்காது. அலுவலகத்துக்குத் திரும்பி வந்து, கழித்துப்போட்ட தாளில் அதே பிளானை மறுபடி வரைவாள். இந்தத் தடவை கட்டில், மூட்டை, பூட்டு, நின்றுகொண்டே சாப்பிடும் பெண், எல்லாம் அளவு பிசகாமல் இருக்கும்.

சிவசண்முகம் ஒருநாள் பார்த்துவிட்டார். "எம்மா வடிவு, பிளான்ல கட்டிலு எதுக்கு? கார்ப்பரேஷன்காரன் பாத்தாம்னா கட்டிலுக்கும் வரி கேப்பாம்மா."

"சும்மா போட்டேன் சார்."

"சும்மா போட்டதுக்கு அளவு வேற குறிச்சிருக்க." அவரே அதைச் சுவரில் ஒட்டினார்.

வித்யாலக்ஷ்மிக்கு ஊர் ஆழ்வார்திருநகரி. சென்னையில் சின்னதாக ஒரு ஓவியக்கூடம் நடத்திவந்தார். அப்பா வீட்டை விற்பதற்காகப் பழைய பிளான் தேடி அங்கே வந்தவர், சுவரில் இருந்ததைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இது யாரு போட்டது?"

"எங்க வடிவுதான். வேல நேரத்துல போடல, அதுக்கு நான் சாட்சி" என்றார் சிவசண்முகம்.

அப்போது வடிவுக்கு நாற்பத்தைந்து வயது. முதல் கண்காட்சியில் ஆறு படம். அடுத்தது கொச்சி, பரோடா, ஒரு தடவை ஜெர்மனி. பேட்டையில் அவள் தெருவில் யாருக்கும் இது தெரியாது. அவர்களுக்கு அவள் பிளான் போடுகிற அக்கா.

மகனுக்குத் தெரியும். தெரிந்தும் வெளியே சொல்ல மாட்டான். கல்லூரியில் கேட்டால் அம்மா சிவில் லைனில் இருப்பதாகச் சொல்வான். பெண்வீட்டார் வருகிறார்கள் என்றதும் சுவரிலிருந்த படங்களைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். பெண் சுகன்யாவின் அப்பா, "அம்மா என்ன பண்ணுதாங்க?" என்று கேட்டார். "ரிட்டயர் ஆயிட்டாங்க" என்றான். வடிவு காப்பித் தட்டோடு பின்னால்தான் நின்றிருந்தாள். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

கல்யாணம் முடிந்து ஒரு வருடம் கழித்துச் சென்னையில் அவளுடைய ஒரு படத்தைப் பார்த்தான். பேட்டை வீட்டின் பிளான். நாற்காலிகள், காப்பி டம்ளர்கள், விருந்தாளிகள் எல்லாம் முழுக்கோட்டில் இருந்தன. கட்டிலுக்கு அடியில் ஒன்பது படச்சட்டங்கள் புள்ளிக்கோட்டில். கண்ணுக்கு மறைந்திருப்பதைப் புள்ளிக்கோட்டில் காட்டுவது வரைபட விதி. அவனும் இன்ஜினியரிங் முதல் வருடத்தில் படித்ததுதான்.

அவன் வேலை பெங்களூரில். போன் கேமராவில் படம் எடுக்கும்போது கை ஆடினாலும் படம் ஆடாமல் இருக்க வைக்கும் மென்பொருளை எழுதும் குழுவில் இருந்தான். அவன் கொடுத்த பழைய போனை வைத்துத்தான் வடிவு வீடியோ எடுக்கத் தொடங்கினாள். முதலில் வரைகிற கையை மட்டும் எடுத்தாள். பிறகு வெளியே கொண்டுபோனாள்.

ஐம்பத்து மூன்றாவது வயதில் இடது கை நடுங்கத் தொடங்கியது. மாத்திரையில் கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. வலது கை நன்றாகவே இருந்தது. அந்த வருடம்தான் பாளையங்கால்வாயின் கரையோடு நடப்பதென்று முடிவு செய்தாள். பழவூர் அணைக்கட்டிலிருந்து கால்வாய் போகும் வழியெல்லாம், நாளுக்குக் கொஞ்சமாக, பஸ் பிடித்துப் போய் விட்ட இடத்திலிருந்து நடப்பது. கழுத்தில் ஒரு பலகை தொங்கும். இடது முழங்கையால் அதைத் தாங்கிக்கொண்டு அந்தக் கையிலேயே போனைப் பிடித்திருப்பாள். வலது கை கால்வாயின் கரையைக் கோடாக இழுத்துக்கொண்டு வரும். படத்தின் மேல்பாதியில் தண்ணீர், கீழ்ப்பாதியில் தாளும் கையும்.

கிளம்புவதற்கு முன் போனில் அவனைக் கூப்பிட்டாள்.

"ஏலே, இதுல படம் ஆடாம எடுக்குதுல்லா, அத எப்படி நிப்பாட்ட?"

"எதுக்கும்மா? நிப்பாட்டுனா ஆடும்."

"ஆடட்டும். எங்கன இருக்குன்னு மட்டும் சொல்லு."

சொன்னான். பேட்டரி மிச்சமாகும் என்று நினைத்திருப்பாள் என்று எடுத்துக்கொண்டான். அப்படி எடுத்துக்கொள்வது அவனுக்கு வசதியாக இருந்தது.

பன்னிரண்டு நாள் நடந்தாள். ஆகாயத்தாமரை, துணி துவைக்கும் பெண்கள், மேலப்பாளையத்தை ஒட்டிக் கறுத்த தண்ணீர். சேர்த்து ஒட்டி நாற்பத்து மூன்று நிமிடத்துக்குச் சுருக்கினாள். சென்னையில் காட்ட வேண்டும், கோப்பு பெரிதாக இருக்கிறது, அனுப்பிக் கொடு என்று, ஊருக்கு வந்திருந்த மகனிடம் போனைத் தந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் ஓட்டிப் பார்த்தான். படம் ஆடியது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் அல்ல, முழுவதும். பார்க்கிற எவனுக்கும் இந்த அம்மாவுக்குக் கை நடுங்குகிறது என்று தெரிந்துவிடும். சுகன்யா வீட்டார் வருவார்கள். அவனுடைய மேலாளர் குருபிரசாத் சென்னைக்காரர், அவரும் வருவதாகச் சொல்லியிருந்தார். படம் ஆடாமல் செய்கிறவனின் அம்மா எடுத்த படம் இது.

தன் மென்பொருளில் போட்டான். மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. தண்ணீர் கண்ணாடிபோல் நின்றது. ஓரங்களை வெட்டாமல் ஆட்டத்தை நிறுத்த முடியாது, அதனால் நாலு பக்கமும் கொஞ்சம் போயிற்று. அதை அனுப்பினான். போனில் இடமே இல்லை என்று பழையதை எல்லாம் அழித்தான். அம்மாவிடம் கேட்கவில்லை. இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று நினைத்ததாகப் பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது உண்மையில்லை.

சென்னையில் வடிவு திரைக்கு முன்னால் ஐந்து நிமிடம் நின்றாள். அவள் எடுத்தபோது பலகையும் போனும் ஒரே கையில் இருந்தன. கை நடுங்கினால் தண்ணீரும் தாளும் சேர்ந்து ஆடும், கோடு பல் பல்லாக விழும், அது ஏன் அப்படி விழுகிறது என்று பார்க்கிறவனுக்குக் கண்ணெதிரே தெரியும். இப்போது தண்ணீர் அசையாமல் இருந்தது. கோடு மட்டும் காரணமில்லாமல் கிறுக்கலாகக் கிடந்தது.

"படம் நல்லா வழுக்கிட்டுப் போகுது செந்தில்" என்றார் குருபிரசாத். "அந்தக் கோடுதான் கொஞ்சம் பிசிறடிக்குது."

வித்யாலக்ஷ்மி அருகில் வந்தார். "அக்கா, அன்னைக்கு போன்ல நீங்க காட்டுனது இப்படி இல்லையே?"

"எம் மவன் சரி பண்ணிக் குடுத்தான்" என்றாள் வடிவு. "இதுதான்."

சாயங்காலம் எழும்பூரில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது கேட்டாள்.

"ஏலே, நான் எடுத்தது எங்க?"

"போன்ல எடமில்லம்மா. அழிச்சிட்டேன்."

"முழுசுமா?"

"ம்."

டீயைக் குடித்து முடித்தாள். கப்பைக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். "சரி விடு. திரும்ப நடந்துக்கிடலாம்."

தனியாக எங்கும் போகக் கூடாது என்று அதற்குள் டாக்டர் சொல்லிவிட்டார். பிப்ரவரியில் கேட்டாள், "லீவு கெடைக்குமாய்யா? நீ ஒண்ணும் செய்யாண்டாம், கூட வந்தாப் போதும்." புது மாடல் வெளியாகிற சமயம் என்றான். ஜூனில் அணையைத் திறந்து கால்வாயில் தண்ணீர் விட்டதும் இன்னொரு தடவை கேட்டாள். தீபாவளிக்கு வருகிறேன் என்றான். ஆகஸ்டில் நெஞ்சுவலி. அண்டைவீட்டுக்காரர்தான் ஆட்டோவில் ஏற்றினார்.

மின்னஞ்சலுக்கு இரண்டு நாள் கழித்துப் பதில் எழுதினான். கோப்பு பழுதாகியிருக்கிறது, மீட்கப் பார்க்கிறேன் என்று.

மீட்க ஒரு வழி இருக்கத்தான் செய்தது. மென்பொருள் நீக்கிய ஆட்டத்தைத் தூரப் போடாது. தனிக் கோப்பில் எழுதி வைக்கும். ஒரு பிரேமுக்கு ஒரு வரி, எத்தனை புள்ளி இடப்பக்கம், எத்தனை புள்ளி மேலே என்று. எழுபத்தேழாயிரத்து நானூறு வரிகள் இருந்தன. வினாடிக்கு ஐந்து தடவை போய் வந்திருந்தது அம்மாவின் கை. அந்த எண்களைத் திருப்பிப் போட்டால் ஆட்டம் திரும்ப வரும். வெட்டிய ஓரங்கள் மட்டும் வராது. படம் நகர நகர விளிம்புகளில் கறுப்பு தெரியும். அந்த இடத்தை இட்டு நிரப்பவும் இப்போது கருவிகள் உண்டு.

நிரப்பினான். மூன்று நாள் ஆயிற்று. எங்கே அம்மா எடுத்தது முடிகிறது, எங்கே இயந்திரம் வரைந்தது தொடங்குகிறது என்று அவனுக்கே தெரியவில்லை. இதை அனுப்பினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. "மீட்டுவிட்டேன்" என்று எழுதிக் கோப்பையும் இணைத்தான். அனுப்புவதற்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்த்தான்.

முப்பத்தோராவது நிமிடத்தில் வலது கை ஓரத்துக்கு வருகிறது. கட்டைவிரல் வெட்டுப்பட்ட பகுதிக்குள் போயிருந்தது, அதை இயந்திரம் போட்டிருந்தது. நல்ல விரல். வழவழவென்று இருந்தது. அம்மாவின் கட்டைவிரலில் நகத்துக்குக் கீழே, மை சுரண்டும்போது பிளேடு இறங்கிய தழும்பு உண்டு. பாடையில் ஏற்றுவதற்கு முன் இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து அவன்தான் நூல் கட்டினான்.

நிறுத்தினான். இட்டு நிரப்பியதை எல்லாம் எடுத்துவிட்டான். கறுப்பு விளிம்புகள் திரும்ப வந்தன. வித்யாலக்ஷ்மியைப் போனில் கூப்பிட்டு முதலிலிருந்து சொன்னான்.

"பழுதாயிடுச்சுன்னு எழுதியிருந்தீங்களே, தம்பி?"

"பொய்."

"நான் அன்னைக்கே அக்காகிட்ட கேட்டேன். வேற ஒண்ணு இருந்தா மாத்திடலாம்னு எவ்வளவோ சொன்னேன். இதுதான், இதுதான்னுட்டாங்க." பிறகு சொன்னார்: "கறுப்பு விளிம்போடயே அனுப்புங்க. என்ன நடந்துச்சுன்னு பக்கத்துல ஒரு அட்டை வைக்கணும். அத நீங்களே எழுதுங்க."

"என் பேரு போட்டா?"

"வேற யாரு பேரு போட?"

நாலு வரி எழுதினான். எழுத ஒரு வாரம் ஆயிற்று. 'இந்த வீடியோவைக் கலைஞர் நடுங்கும் கையால் எடுத்தார். அவர் மகன் செந்தில்முருகன் அவரைக் கேட்காமல் நடுக்கத்தை நீக்கினான், அசலையும் அழித்தான். இங்கே இருப்பது அவன் திருப்பிச் சேர்த்தது. கறுப்பாகத் தெரிவது திரும்பக் கிடைக்காதது.'

கண்காட்சி தொடங்கிய அன்று பாளையங்கோட்டை அரங்கில் அறுபது பேர் இருப்பார்கள். பேட்டைத் தெருக்காரர்கள் வேனில் வந்திருந்தார்கள். சுகன்யாவின் அப்பாவும் வந்திருந்தார். சிவசண்முகத்துக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. காது மந்தம், எதைப் படித்தாலும் வாய்விட்டுத்தான் படிப்பார். அட்டையின் முன் நின்று கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை சத்தமாகப் படித்தார். எல்லோரும் திரும்பினார்கள்.

"எங்கலே அவன்?" என்றார்.

செந்தில்முருகன் முன்னால் வந்தான். சுகன்யா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல எழுதியிருக்கது நெசமா?"

"நெசந்தான் சார்."

"எதுக்குலே செஞ்ச? அத எழுதக் காணுமே."

"நாலு பேரு முன்னால கை ஆடுதது வெக்கமா இருந்துச்சு சார்."

"சத்தமாச் சொல்லு. வெக்கம் யாருக்கு, அவளுக்கா?"

"இல்ல சார்" என்றான். பின்னால் இருந்தவர்களுக்கும் கேட்டது. "எனக்கு."

பெரியவர் நாற்காலியைத் திரைக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேட்டையிலிருந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக அவருக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். செந்தில்முருகன் அட்டைக்குப் பக்கத்திலேயே நின்றான். படிக்க வந்தவர்கள் படித்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார்கள்.