மச்சினன் கையில் என் விமானம்

என் விமானம் விழுந்ததற்குக் காற்றுதான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அன்று காலை ஒரு இலைகூட அசையவில்லை. காரணம் என் மச்சினன்.

என் மனைவியின் தம்பி அவன். ஐ.டி. கம்பெனியில் வேலை, நூம்பலில் புது ஃபிளாட், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நான் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஊழியன், குவார்ட்டர்ஸில் குடியிருப்பு. ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானங்களைச் செய்து ஓட்டுவது என் பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்பது மற்றவர்கள் சொல்வது. என்னைப் பொறுத்தவரை வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும்தான் நாள். மற்றதெல்லாம் அதற்காகக் காத்திருப்பது.

ஆவடியைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் ராணுவத்து இடம். பொம்மை விமானம் என்றாலும் அங்கே பறக்கவிட முடியாது. அதனால் வேப்பம்பட்டைத் தாண்டி உள்ளே போவோம். அங்கே ஒரு மனைப்பிரிவு இருக்கிறது. கல் நட்டு, நடுவில் தார் ரோடு போட்டு, வளைவும் கட்டி வைத்தார்கள்; வாங்கத்தான் ஆள் வரவில்லை. அந்த ரோடுதான் எங்கள் ஓடுபாதை. ஏழெட்டுப் பேர் வருவோம். பூந்தமல்லியில் ஆட்டோ ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவர் எங்கள் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, குரல் பெரிசு, அவ்வளவுதான்.

எங்களுக்குள் ஒரு விதி உண்டு. விழுந்து உடைந்து ரிப்பேர் ஆகிவரும் விமானத்தை முதல் தடவை அதன் சொந்தக்காரர் ஓட்டக் கூடாது. ஒட்டியவனுக்கு எங்கே ஒட்டினோம் என்று தெரியும். கண் அங்கேயே போகும், கை நடுங்கும். அதனால் கூட்டத்தில் நன்றாக ஓட்டுகிற ஒருவர் கையில் ரிமோட்டைக் கொடுக்க வேண்டும். அவர் ஏற்றி, இரண்டு சுற்றுச் சுற்றி, இறக்கிக் கொடுத்த பிறகுதான் சொந்தக்காரர் தொடலாம். இந்த விதியைக் கொண்டுவந்தவனே நான்தான். அந்த நன்றாக ஓட்டுகிற ஒருவரும் பல வருஷங்களாக நான்தான். யார் விமானம் ரிப்பேராகி வந்தாலும் ரிமோட் நேராக என்னிடம் வரும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ரோட்டு நடுவில் நிற்கும்போது எனக்கு வரும் நிமிர்வு, சம்பளம் வாங்கும்போதுகூட வந்ததில்லை.

அப்படி இருக்கும்போதுதான் என் மச்சினன் வந்து சேர்ந்தான். சும்மா பார்க்க வருகிறேன் மாமா என்றுதான் வந்தான். பிறகு லேப்டாப்பில் ஏதோ ஒரு சாஃப்ட்வேர் போட்டு, ஃபிளாட்டில் சோபாவில் உட்கார்ந்தபடியே பழகினான். நானெல்லாம் எத்தனை விமானத்தை உடைத்துக் கற்றுக்கொண்டவன்! இவன் ஒன்றைக்கூட உடைக்கவில்லை. மழைக்காலம் முழுக்க உள்ளேயே பழகிவிட்டு, தை பிறந்ததும் வந்து, பூந்தமல்லிக்காரரின் விமானத்தை வாங்கித் தலைகீழாகத் திருப்பி, ரோட்டை ஒட்டி, எங்கள் இடுப்பு உயரத்தில் ஓட்டிக் காட்டினான். கூட்டமே வாயைப் பிளந்தது.

"மாமே, இன்னா கை மாமே உனுக்கு! வெண்ணெ மாரி போவுதே!" என்று பூந்தமல்லிக்காரர் அவன் முதுகில் தட்டினார். எத்தனையோ தடவை அவர் விமானத்தை நான் இறக்கிக் கொடுத்திருக்கிறேன். என் முதுகில் ஒரு நாளும் தட்டியதில்லை.

அதற்கடுத்து நான் என் விமானத்தை ஏற்றினேன். யாரும் கேட்கவில்லை. நானே தலைகீழாகத் திருப்பி, அவன் வந்ததைவிடத் தாழ்வாகக் கொண்டுவந்தேன். மனைக்கல் ஒன்றில் அடித்து மூக்கு உள்ளே போனது. இறக்கை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். அவன்தான் ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தான், ஒரு துண்டு விடாமல். "பரவாயில்ல மாமா, சரி பண்ணிடலாம்" என்றான். அந்த 'லாம்' எனக்குப் பிடிக்கவில்லை.

சாப்பாட்டு மேஜையில் ரிப்பேரை ஆரம்பித்தேன். வேலை விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிடுவேன். சேதம் அதிகமும் மூக்கில்தான். மோட்டார் உட்காரும் பலகை பிளந்திருந்தது. பால்சா என்ற லேசான மரத்தில் புதுப் பலகை அறுத்து, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துப் பொருத்தினேன். இறக்கைக்குள் ஓடும் கார்பன் குச்சி முறிந்திருந்தது, அதையும் மாற்றினேன். மூக்குக் கனம் குறைந்துவிட்டதால் தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டு இரண்டை வாங்கி உள்ளே ஒட்டினேன். இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினால் விமானம் முன்னும் சாயாமல் பின்னும் சாயாமல் நிற்க வேண்டும். நின்றது. எனக்கே கண் கலங்கியது.

நடுவில் ஒரு நாள் அவன் வந்தான். கையில் நீளமான அட்டைப்பெட்டி.

"மாமா, ஆன்லைன்ல ரெடிமேட் ரெக்கையே கிடைச்சுது. போட்டுக்கிட்டா வேல சுளுவா முடிஞ்சிடும்."

"எதுக்குடா? என் கை நல்லாத்தான் இருக்கு."

"ஐயோ, நான் அப்படிச் சொல்லல மாமா."

"அவன் ஆசையா வாங்கினு வந்துகிறான். வாங்கிக்கிட்டா இன்னாவாம்?" என்றாள் என் மனைவி சமையலறையிலிருந்து. மரத்தூள் தோசை மாவில் விழுகிறது என்று தினமும் என்னைக் கரித்துக் கொட்டுகிறவள், அவன் வந்த அன்று மேஜை ஓரத்திலேயே அவனுக்குத் தட்டு வைத்து, தோசைக்குமேல் தோசையாகப் போட்டாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே நான் ஒட்டிய இடத்தைத் தடவிப் பார்த்து, "செம ஃபினிஷிங் மாமா" என்றான். உண்மையாகத்தான் சொன்னான். அதுதான் அவனிடம் தாங்க முடியாத விஷயம். கொஞ்சமாவது தலைக்கனம் இருந்தால் திட்டித் தீர்த்து நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த இறக்கைப் பெட்டியைப் பிரிக்காமல் பரணில் போட்டேன்.

கடைசி வேலை ஐலரான். இறக்கையின் பின் விளிம்பில் இரண்டு பக்கமும் அசையும் தட்டுகளுக்கு அந்தப் பெயர். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். எந்தப் பக்கத் தட்டு ஏறுகிறதோ அந்தப் பக்கம் விமானம் சாயும். தட்டை அசைக்கும் குட்டி மோட்டார்கள் இரண்டும் உடைந்து போனதால் புதிதாகப் போட்டிருந்தேன். புதிதாகப் போட்டால் ரிமோட்டில் குச்சியை வலப்பக்கம் தள்ளி, வலப்பக்கத் தட்டு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். மாறி இருந்தால் ரிமோட்டிலேயே ஒரு பொத்தானில் திருப்பிக்கொள்ளலாம். குச்சியை வலப்பக்கம் தள்ளினேன். என் இடப்பக்கத் தட்டு ஏறியது. பொத்தானை அழுத்தித் திருப்பினேன். மறுபடி தள்ளினேன். வலப்பக்கம் ஏறியது. முடிந்தது வேலை என்று எழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு போனேன். நான் பைக்கில். பின்னாலேயே அவன் கார் வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து என் மனைவி இறங்கினாள். கல்யாணம் ஆனதிலிருந்து எத்தனையோ தடவை வா என்று கூப்பிட்டிருக்கிறேன். வெயில், தலைவலி, துணி ஊறப்போட்டாச்சு என்று ஏதாவது ஒன்று இருக்கும். அன்று தலையில் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். கூட்டத்துக்கே இட்லி வேறு.

"தம்பி ஓட்டறத ஒரு தபா பாக்கணும்னு ரொம்ப நாளா ஆச" என்று பூந்தமல்லிக்காரரிடம் சொன்னாள்.

விமானத்தை ரோட்டில் வைத்தேன். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒட்டிய இடத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த நிமிஷம் வரை எல்லாம் என்னுடையதாகத்தான் இருந்தது.

"செரி, யார் ஏத்தறது?" என்றார் பூந்தமல்லிக்காரர். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பவே இல்லை. "தம்பிதான். வேற யாரு?"

"என் விமானம் எனக்குத் தெரியாதா? நானே ஏத்திடறேன்" என்றேன்.

"அண்ணாத்தே, ரூலு நீ போட்டதுதானே? போன தபா என் ஃப்ளைட்ட நான் தொட வந்தப்போ கைய தட்டிவுட்டியே, மறந்துட்டியா?" எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள்.

ரிமோட்டைக் கொடுத்தேன். அவன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, விமானத்துக்குப் பின்னால் போய்க் குனிந்தான். "ஒரு தடவ தட்டெல்லாம் பாத்துடறேன் மாமா."

"எல்லாம் பாத்தாச்சு. நான் பாக்காததையா நீ பாக்கப்போற? ஏத்து."

அவன் நிமிர்ந்துவிட்டான். பெரியவர்கள் சொன்னால் எதிர்த்துப் பேச மாட்டான்.

விமானம் ரோட்டில் ஓடியது. சக்கரம் தரையை விட்டதும் இடது இறக்கை லேசாகத் தாழ்ந்தது. அது எப்போதும் நடப்பதுதான். வலப்பக்கம் குச்சியைத் தட்டினால் நேராகும். அவன் தட்டினான். இடது இறக்கை இன்னும் தாழ்ந்தது.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. மூக்கில்தான் வேலை என்பதால் விமானத்தை மூக்கு என்னைப் பார்த்தபடி மேஜையில் வைத்திருந்தேன். அப்படியே உட்கார்ந்தபடி ஐலரானையும் பார்த்து முடித்திருந்தேன். எதிரே உட்கார்ந்தவனுக்கு வலது எதுவோ அது விமானத்துக்கு இடது. சரியாக இருந்ததைத் திருப்பித் தப்பாக்கி வைத்தவன் நான். இது மாறியிருந்தால் எப்பேர்ப்பட்டவனும் கண் சிமிட்டும் நேரத்தில் விமானத்தைத் தரையில் அடித்துவிடுவான். எங்கள் கூட்டத்தில் விழுந்தால் பழி ஓட்டியவனுக்குத்தான்.

விழட்டும் என்று நினைத்தேன். நான் அறுத்த பலகை, நான் தேய்த்த மூக்கு, எல்லாம் போகட்டும், இவள் கண் முன்னால் இவன் கையில் விழட்டும்.

அவன் வலது கட்டைவிரல் பக்கவாட்டில் அசைவதை நிறுத்திவிட்டது. பக்கத்தில் நின்றதால் எனக்கு மட்டும் தெரிந்தது. ஐலரானை அப்படியே விட்டுவிட்டு, இடது கட்டைவிரலால் வாலில் இருக்கும் சுக்கானை மட்டும் மெல்லத் தள்ளினான். தாழ்ந்த இறக்கை மெதுவாக எழுந்தது. அகலமாக ஒரு சுற்று, இன்னொரு சுற்று. உதடு அசையாமல், "தட்டு மாறிகீது மாமா" என்றான். அப்போதுதான் அவன் வாயிலும், அக்காவைப் போலவே, பிறந்து வளர்ந்த அம்பத்தூர் பேச்சு வந்தது. அது ஒன்றுதான் அவன் பயந்ததற்கு அடையாளம். பூப்போல இறக்கினான்.

கைதட்டல். விசில். "ரிப்பேர் பண்ண ஃப்ளைட்டு மாரியே இல்ல அண்ணாத்தே!" என்றார் பூந்தமல்லிக்காரர்.

"மாமா கை வேலை அப்படி" என்றான் அவன். மாறியிருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நடந்தபடியே ரிமோட்டில் பொத்தானை அழுத்திவிட்டு என்னிடம் நீட்டினான். "இப்ப நீங்க ஓட்டுங்க மாமா. பின்னாடி நின்னு ஒரு தடவ பாத்துக்கோங்க." குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். பின்னாடி நின்று! நான் எங்கே உட்கார்ந்து தப்புச் செய்தேன் என்பதுவரை கண்டுபிடித்துவிட்டான்.

பின்னால் நின்று பார்த்தேன். சரியாக இருந்தது. ஏற்றினேன். விமானம் அருமையாகப் பறந்தது; பழையதைவிட நன்றாகவே பறந்தது. தலைகீழாகத் திருப்பக்கூட இல்லை. பொறுமையாக, அழகாக ஓட்டினேன். என் ஆயுளிலேயே அவ்வளவு சுத்தமாக நான் ஓட்டியதில்லை. ஒரு பக்கம் திரும்பும்போது ஓரக்கண்ணால் பார்த்தேன். எல்லோரும் கார் டிக்கியைச் சுற்றி நின்று இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான். "சூப்பர் மாமா!" என்றான்.

இறக்கினேன். என் மனைவி புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வேகமாக வந்தாள். நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"ஏங்க, பேட்டரி இன்னும் கீதா?"

"இருக்கே. ஏன்?"

"இன்னொரு ரவுண்டு தம்பி ஓட்டட்டுமே. அப்போ வாயப் பொளந்துகினு நின்னுட்டேன், வீடியோ எடுக்கவே இல்ல."

போனைத் தயாராகப் பிடித்திருந்தாள். அவன், "வேணாம்க்கா, மாமா ஓட்டட்டும், மாமாவ எடு" என்றான். எனக்கு அவன் தயவு வேண்டாம். ரிமோட்டைக் கழற்றி அவன் கழுத்தில் நானே மாட்டிவிட்டு, வெயில் அவள் கண்ணில் படாமல் படம் எடுக்க எங்கே நிற்க வேண்டும் என்று காட்டினேன்.