இடம் மாறிய கொம்பு

என் நண்பன் அச்சன்புதூர்க்காரன், பள்ளியில் என் பெஞ்சில் உட்கார்ந்தவன். வளைகுடாவில் ஓர் அச்சகத்தில் பல வருஷம் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக்கொண்டிருந்தான். சிறுநீரகம் கெட்டுப்போனதும் ஊருக்கு வந்துவிட்டான். தென்காசியில் அவனுக்கு டயாலிசிஸ் நடக்கும் நாட்களில் மேலகரத்திலிருந்து நானும் போய் உட்கார்ந்துகொள்வேன். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதுகிறவன் நான்.

ஒருநாள் கேட்டான்: "ஏலே, நான் அங்கன வேல பாத்த பழைய டைப்செட்டிங் சாப்ட்வேர் இருக்குல்லா, அத என் லேப்டாப்புல ஓட வைக்க முடியுமா? படுத்துக்கிட்டே நாலு புக்கு செஞ்சு குடுப்பேன்."

அவனுடைய லேப்டாப் அரதப் பழசு. உலகத்தில் வெகு சிலரே வைத்திருக்கும் ஒரு சின்ன ஆபரேட்டிங் சிஸ்டம் மட்டும்தான் அதில் நகரும். வேறு லேப்டாப் தருகிறேன் என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது.

"எல்லாத்தையும் எல்லாரும் குடுத்துக்கிட்டே இருக்கிய. இதையாவது என் மெஷின்ல பாக்கேம்லே."

அந்த மென்பொருளின் நிரல் இலவசமாகவே இணையத்தில் கிடந்தது. அதை அவனுடைய சிஸ்டத்துக்கு ஏற்ப மாற்றி எழுத ஆரம்பித்தேன். ஒரு பிழையைச் சரிசெய்தால் அதன் பின்னால் ஒளிந்திருந்த இன்னொன்று தலைகாட்டும். சாரல் விழுந்து குற்றாலத்துக்குக் கூட்டம் வந்த வாரங்களில் ரோட்டில் மாட்டிக்கொண்டு தாமதமாகப் போவேன். "வந்துட்டியா, தொற" என்பான்.

கடைசியில் ஒருநாள் அவன் லேப்டாப்பில் வெள்ளைப் பக்கம் ஒன்று திறந்தது. ஊசி குத்தாத கையால் 'தென்காசி' என்று அடித்தான். தகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது.

"இப்படி அடிச்சுக் குடுத்தா எவம்லே வாங்குவான்?"

அந்த சிஸ்டத்துக்கே தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. அதைப் பராமரிப்பவர்களுக்கு எழுதினேன். எழுத்துப் பகுதியைச் செய்தவர் விலகிப்போய்விட்டார், இப்போது அது தெரிந்தவர் யாருமில்லை என்று ஒருவர் மரியாதையாகப் பதில் போட்டார். நானே முட்டிமோதிக் கொம்பை முன்னால் கொண்டுவந்தேன். வரிகள் குலைந்தன. பிறகு சிஸ்டத்தின் புதுப் பதிப்பு வந்தது. அதைப் போட்டதும் மென்பொருள் திறக்கவே மறுத்துவிட்டது.

அதற்குள் அவன் விரல்கள் வீங்கிவிட்டன. அவன் மனைவி என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "அண்ணே, இனிமே அதப் பத்திப் பேசாதிய. வீட்டுலயும் அவ்வொ அதையே பாத்துக்கிட்டுக் கெடக்காவ" என்றாள்.

நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவனாகவே கேட்டான்: "என்னலே, ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்க?"

"முடியலலே. எனக்குத் தெரிஞ்ச மட்டும் பாத்துட்டேன்."

"ஒலகத்துல வேற யாராவது இத வேணும்னு கேட்டாங்களா?"

"ஒருத்தரும் கேக்கல."

"சரி, விடு" என்று கண்ணை மூடிக்கொண்டான்.

இப்போதும் போகிறேன். பேட்டரி உப்பிவிட்டதென்று அவன் லேப்டாப்பை மனைவி அலமாரிக்கு மேலே தூக்கி வைத்துவிட்டாள். அவன் பெரும்பாலும் தூங்குகிறான். டயாலிசிஸ் மெஷின் சத்தம் போட்டால் விழித்து என் லேப்டாப் திரையைப் பார்ப்பான். கம்பெனி வேலை என்று தெரிந்ததும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வான்.