பள்ளத்தின் விளிம்பில் நாற்பது படங்கள்

மழைக்காலம் ஓய்ந்து வெயில் தலைகாட்டிய வாரத்தில் அரியலூருக்குக் கிளம்பினேன். சுண்ணாம்புக்கல் வெட்டிக் கைவிட்ட பள்ளம் ஒன்றில் கொம்பன் ஆந்தை ஒன்று துணையில்லாமல் தனியாக இருப்பதாக நண்பர் சொல்லியிருந்தார். தனியாக இருக்கும் உயிர் என்றால் எனக்குக் கால் நிற்காது.

முதல் நாள் பெரம்பலூரில் தங்கி, விடியுமுன் பஸ் பிடித்தேன். அரியலூர் முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். பஸ் ஸ்டாண்டில் ராசேந்திரன் என்ற ஆட்டோக்காரர், காத்திருந்து திரும்பக் கொண்டுவந்து விட எழுநூறு ரூபாய் கேட்டார். பேரம் பேசும் அளவுக்கு எனக்கு இன்னும் தூக்கம் கலையவில்லை. செந்துறை சாலையில் பன்னிரண்டு கிலோமீட்டர் போய் மண்பாதையில் திரும்பினால் பள்ளம்.

கீழே பச்சைத் தண்ணீர், அடி தெரியாது. காகம்கூடக் கத்தவில்லை. எதிர்ப்பாறையில் ஆந்தையின் எச்சம் வெள்ளையாக வழிந்திருந்தது, ஆந்தையைத்தான் காணோம். நெடுநேரம் லென்ஸால் தேடினேன். பிடரியை யாரோ பார்ப்பது போலவே இருந்தது. பயமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது?

ஆந்தை ஏமாற்றினால் சிலந்தியைப் படமெடுத்து மனதைத் தேற்றிக்கொள்ளும் ஜாதி நான். தரையில் விரல் அகல விரிசல் ஒன்று ஓடியது. அதன் குறுக்கே சின்னஞ்சிறு வலை, நூலெல்லாம் பனித்துளி. விரிசலுக்கு மண்பாதைப் பக்கம் மண்ணில் பதிந்த கல்லாகிப்போன சிப்பி. சூரியன் வலைக்குப் பின்னால் வர வேண்டுமென்று நான் விரிசலைத் தாண்டிப் பள்ளத்தின் பக்கம் போய்க் குப்புறப் படுத்தேன். எனக்குப் பின்னால், விளிம்பில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு ராசேந்திரன் உட்கார்ந்திருந்தார்.

இவ்வளவு சிறிய பொருளை ஒரே படத்தில் முழுக்கத் தெளிவாக எடுக்க முடியாது. கேமரா முக்காலியை அசையாமல் நிறுத்தி, குவியத்தை இம்மி இம்மியாக நகர்த்தி நாற்பது படம் எடுத்து, பிறகு கணினியில் சேர்க்க வேண்டும். எடுத்து முடித்ததும் கேமரா திரையில் வரிசையாகத் தள்ளிப் பார்த்தேன். முதல் படத்தில் நூல்கள் தொய்வாக இருந்தன. இருபதாவதில் விறைப்பாக இருந்தன. முப்பத்தைந்தாவதில் இரண்டு அறுந்திருந்தன.

முக்காலி மண்ணில் இறங்குகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியானால் எல்லாமே சேர்ந்து நகர்ந்திருக்க வேண்டும். என் பக்கத்துப் புல் நாற்பதிலும் ஒரே இடத்தில் நின்றது. எதிர்ப்பக்கச் சிப்பி மட்டும் விலகிக்கொண்டே போனது. அப்புறம்தான் உறைத்தது. கேமரா நின்ற தரைதான் கேமராவுக்கு அசையாமல் தெரியும். நகர்ந்துகொண்டிருந்தது நாங்கள்.

விஷயத்தைச் சொன்னால் ராசேந்திரன் திடுக்கிட்டுக் குதித்து எழுவார் என்று பயந்தேன். "அண்ணே, பாம்பு. பதறாம, மெதுவா எந்திரிச்சு இந்தப் பக்கம் வாங்க" என்றேன். அவர் காலை மேலே இழுத்து, பூனை போல நடந்து விரிசலைத் தாண்டினார். நானும் தாண்டினேன். கேமரா அங்கேயே நின்றது.

உண்மையைச் சொன்னதும் சிரித்தார். இந்த விரிசல் எப்போதும் இருப்பதுதானாம். "அவ்வளோ காசு போட்டு வாங்கினதுங்க, விட்டுட்டு வர்றதா? இருங்க, நான் எடுத்தாறேன்" என்று காலை எடுத்து வைத்தார். நான் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். தையல் விட்டது. அவர் கோபத்தோடு திரும்பி என்னை முறைத்தார்.

அப்போதுதான் விளிம்புத் தரை போனது. சரியவில்லை, இறங்கியது. முக்காலி நிமிர்ந்து நின்றபடியே, லிஃப்டில் போகும் ஆள் மாதிரி, எங்கள் கண்ணெதிரே தரைக்குக் கீழே போனது. தண்ணீர்ச் சத்தம் கொஞ்சம் கழித்துத்தான் வந்தது. அதன் பிறகு பழையபடி ஒரு சத்தமும் இல்லை. இந்தப் பதிவில் படம் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

போக நினைப்பவர்களுக்கு: கைவிட்ட பள்ளங்களின் பக்கம் போகவே போகாதீர்கள், முக்கியமாக மழைக்குப் பிறகு. பறவை வேண்டுமென்றால் கரைவெட்டி ஏரி இருக்கிறது, குளிர்காலத்தில் அங்கே வலசைப் பறவைகள் நிறைய வரும். வேறெங்கே போனாலும் எடுத்த படங்களை வீட்டுக்கு வந்து பார்க்கலாம் என்று வைத்திருக்காமல், அங்கேயே பாருங்கள். கூட வந்தவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் பாருங்கள்.

திரும்பும் வழியில் அரியலூர் நெருங்கும்போது ராசேந்திரன் ஆட்டோவை ஓரம் கட்டினார். கைப்பிடியை விடாமல், என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"போன ஞாயித்துக்கெழம எம் பொண்ணுங்க ரெண்டையும் அங்கதாங்க உக்கார வச்சு போட்டோ எடுத்தேன். தண்ணி தெரியல, இன்னும் கொஞ்சம் பின்னாடி தள்ளி உக்காருங்கன்னு நாந்தாங்க சொன்னேன்."