சட்டைப்பையில் இல்லாத ஆப்பு

பெருநகரத்துக்காரர்கள் ஓட்டும் கார்களுக்குக் கதவும் கீலும் அடித்துத் தருவது அந்த நகரத்தின் ஓரத்தில் இருக்கும் இந்தத் தொழிற்சாலை ஊர்தான். இங்கே இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர் ஒருவர். முதல் வருஷமே ஒரு விரலில் பாதியை மெஷினுக்குக் கொடுத்துவிட்டதால் எல்லோருக்கும் அவர் 'ஒன்பதரை'.

பட்டும் புத்தி வரவில்லை மனுஷனுக்கு. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று இரண்டு பட்டன். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டாமலிருக்க அந்த ஏற்பாடு. வேகம் போதவில்லை என்று சூப்பர்வைசர் கத்துவார். உடனே ஒன்பதரை ஒரு பட்டன் அழுந்தியே இருக்கும்படி சின்ன மர ஆப்பைச் செருகிவிட்டு ஒற்றைக் கையால் வெளுத்துக்கட்டுவார். ஷிப்ட் முடிந்தால் ஆப்பு சட்டைப்பைக்கு வந்துவிடும். அவ்வப்போது தொலையும், இன்னொன்று செதுக்கிக்கொள்வார்.

ஒரு மாதமாக மதிய ஷிப்டில் அதே மெஷினில் அவர் மனைவி. இரண்டு மணிக்கு கேட்டில் வீட்டுச் சாவியைக் கைமாற்றும்போது பார்த்துக்கொண்டால் உண்டு.

அன்று பஸ்ஸில் சில்லறைக்காகப் பையைத் துழாவினார். ஆப்பு இல்லை. ஷிப்ட் முடிந்து மணி அடித்ததும் சூப்பர்வைசர் கூப்பிட்டிருந்தார், ஆப்பை எடுக்காமல் மெஷினை அப்படியே விட்டுவிட்டுப் போனோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் ஒரு கையைத் தகட்டில் வைத்தபடி மறுகையால் பட்டனைத் தொட்டாலே போதும். போனில் சொல்லவும் வழியில்லை. உள்ளே போகிறவர்களின் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

பஸ்ஸை நிறுத்தி இறங்கி ஓடினார். கேட்டருகே மூச்சு வாங்க நின்று காதைக் கொடுத்தார். எல்லாப் பிரஸ்ஸும் அடித்துக்கொண்டிருந்தன. அவருடைய மெஷினின் சத்தம் மட்டும் கேட்கவில்லை. காவலாளி "என்னண்ணே, என்னாச்சு?" என்று கேட்கும்போதே அவரைத் தாண்டி உள்ளே ஓடினார்.

உள்ளே, தகடு தீர்ந்து அடுத்த கட்டுக்காக அவள் காத்து நின்றிருந்தாள்.

"என்னங்க, சாவியைத் தொலைச்சிட்டீங்களா?"

"கையைக் காட்டு."

காட்டினாள். இரண்டு தடவை எண்ணினார். பத்தும் இருந்தது.

அவள் சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திறந்தாள். உள்ளே நாலு ஆப்பு கிடந்தது.

"வந்ததும் முதல்ல பட்டனைத்தான் பார்ப்பேன். இந்த மாசத்துல இது நாலாவது."

"சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா மட்டும் வைக்காம இருந்திருப்பீங்களா?"

ஒன்பதரை தரையில் உட்கார்ந்துவிட்டார். தொலைந்துபோனதாக நினைத்து அந்த மாதம் மூன்று ஆப்பு புதிதாகச் செதுக்கியிருந்தார்.