நான் என்று சொல்லும் தொழில்

என் மொழிபெயர்ப்பில் யாராவது குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சரவணை என்ற தீவுக் கிராமத்தில் வீட்டு அறைக்குள் இருந்தபடி, கண்ணால் காணாத நாடுகளின் கம்பனிகளுக்கு வேலை செய்து கொடுக்கிறவள் நான். ஆரம்பத்தில் ஒரு கம்பனி, 'உங்கள் சொந்தச் சரக்கைச் சேர்க்கிறீர்கள்' என்று என் வேலையைத் திருப்பி அனுப்பியது. அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. ரோஷத்தோடு இணைய வகுப்பொன்றில் சேர்ந்து படித்தேன்.

பேச்சை மொழிபெயர்க்கிறவர்களுக்கு அங்கே சொல்லித்தந்த விதி கண்டிப்பானது. கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, ஆறுதல் சொல்லக்கூடாது. பேசுகிறவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று தள்ளி நிற்கக்கூடாது. எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் தீவில் சாவுச் செய்தியை யாரும் நேரே சொல்வதில்லை. முதலில் கொஞ்சம் சுகமில்லை என்பார்கள், பிறகு கடுமை என்பார்கள், பந்தல் போட ஆள் வரும்போதுதான் உண்மை வரும். இந்தச் சுற்றிவளைப்பு எனக்கு என்றைக்குமே எரிச்சல்.

ஊர்காவற்றுறையில் கடற்தொழில் செய்யும் குடும்பத்து அம்மா ஒருவரின் மகன், கனடாவில் வேலைத்தலத்தில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஆஸ்பத்திரி போனில் பிடித்துக் கொடுத்த மொழிபெயர்ப்பாளர் இந்தியாக்காரர். "அந்தப் பிள்ளை படத்தில கதைக்கிற மாதிரிக் கதைக்குது, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை" என்று அம்மா என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். பஸ் ஏறிப் போனேன்.

"அன்ரி, டொக்டர் 'நான்' எண்டு சொன்னா நானும் 'நான்' எண்டுதான் சொல்லுவன். அது நானில்லை, அவர்தான்."

"ஓம் பிள்ளை" என்றார். கண் போன் திரையிலேயே இருந்தது.

அவருடைய தம்பி என் காதருகே குனிந்து, "தங்கச்சி, என்னவெண்டாலும் கடுமை எண்டு மட்டும் சொல்லும்" என்றார். நான் தலையாட்டவில்லை.

திரையில் வந்த டொக்டர் நல்ல மனிதர். மெதுவாகத்தான் பேசினார். அவர் நிறுத்திய இடங்களில் நானும் நிறுத்திச் சொன்னேன்.

"உங்கட மகன்ர மூளை செத்துப்போச்சு. இனித் திரும்பாது. மெஷினாலதான் மூச்சுப் போகுது. நான் அதை நிப்பாட்ட நினைக்கிறன். உங்கட சம்மதம் வேணும்."

அம்மா திரையைப் பார்க்கவில்லை. என் இரண்டு கைகளையும் பிடித்தார்.

"நிப்பாட்டாதையும் பிள்ளை. உம்மைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

விதிப்படி அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். டொக்டர், 'அவர் உங்களிடம் பேசுகிறாரா, என்னிடமா?' என்று கேட்டார். அதையும் தமிழில் அம்மாவிடம் சொன்னேன். அவர் மகனுடைய முகத்தைக் காட்டச் சொன்னார். தாதி போனைத் திருப்பினார். அம்மா கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "சரி. நிப்பாட்டும்" என்றார்.

அதையும் நான்தான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. நான் சம்மதிக்கிறேன், நிறுத்துங்கள் என்று சொன்னேன். நிறுத்தப் போவதாகச் சொன்னதும் என் வாய், நிறுத்தச் சொன்னதும் என் வாய். வேலையில் ஒரு பிழை கிடையாது. யார் திருத்தினாலும் முழுப் புள்ளி தருவார்கள். வீட்டுக்கு வந்து குசினிக்குள் அடுப்படியில் நின்று அழுதேன்.

சில மாதங்கள் கழித்து அந்த அம்மாவை ஊர்காவற்றுறை பஸ் நிலையத்தில் கண்டேன். ஒளிக்கப் பார்த்தேன், அதற்குள் அவர் என்னைக் கண்டுவிட்டார். ஏச்சு விழப்போகிறது என்று நின்றேன். அவர் முகத்தில் கோபமே இல்லை. பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"பிள்ளை, நீர் நிப்பாட்டேக்கை அவனுக்கு நொந்ததோ?"

அது நானில்லை, டொக்டர் என்று வாய்வரை வந்தது.

"இல்லை அன்ரி" என்றேன். "நோகேல்லை. நான் பக்கத்திலதான் நிண்டனான்."