ஒடுங்கிப்போன முகம்

ஆவூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, புதுக்கோட்டையில் நாகராசுவின் ஃபிளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிறவள் ஜாஸ்பின். கடை கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடுவது லினக்ஸ். வைரஸ் தொல்லை பொறுக்காமல் அவளே கேட்டுப் போடவைத்தது.

கஸ்டமர்கள் வாசலில் நின்றே டிசைனைப் பார்க்கட்டும் என்று நாகராசு சுவரில் ஒரு டிவி மாட்டினார். மானிட்டர் ஒயரை ஒரு சின்ன டப்பாவில் செருகி, அதிலிருந்து மானிட்டருக்கும் டிவிக்குமாகப் பிரித்துவிட்டார். அன்றிலிருந்து திரையில் எல்லாமே பக்கவாட்டில் இழுபட்டுத் தெரிந்தது.

"அண்ணே, ரெசல்யூஷன் தப்பா இருக்கு. செட்டிங்ஸ்ல அந்தக் காலத்துச் சதுர மானிட்டர் அளவு மட்டும்தான் காட்டுது. ஆளுக மூஞ்சியெல்லாம் பூசணிக்கா மாதிரி தெரியுதுண்ணே."

"ஒன் லினக்ஸ் லட்சணம் அதான். அட்ஜஸ்ட் பண்ணிக்க."

ரீஸ்டார்ட் செய்தாள், அப்டேட் போட்டாள். ஒன்றும் மாறவில்லை. மறுபடி சொன்னாள். அவர் காதிலேயே வாங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் நிலவழகன், இறந்துபோன அப்பாவின் படத்தைக் கொடுத்து அஞ்சலி பேனர் கேட்டார். திரையில் முகம் உப்பித் தெரிந்தது; அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொன்னாரே என்று, கண்ணுக்குச் சரியாகப் படும்வரை ஜாஸ்பின் படத்தை ஒடுக்கினாள். நாகராசு பார்க்காமலேயே அச்சடித்துச் சுருட்டிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் நிலவழகன் பேனரைக் கடைக்குள் விரித்துப்போட்டார்.

"இது யாருங்க? எங்கப்பா ஆஸ்பத்திரில கெடந்தப்பகூட இப்படி ஒட்டிப்போயிருக்கல!"

"இந்தப் புள்ளதாங்க பண்ணுச்சு. கவனமே கெடையாது" என்றார் நாகராசு.

ஜாஸ்பினுக்குக் காது மடல் கொதித்தது. திரையில் ஒரு வட்டம் வரைந்தாள்.

"இங்கிட்டு வாங்கண்ணே. இது வட்டம். வட்டமாவா தெரியுது?"

படுக்கவைத்த முட்டை மாதிரி இருந்தது. டப்பாவைப் பிடுங்கினாள். ஒயரை நேராக மானிட்டரில் செருகினாள். திரை இருண்டு மீண்டது. எழுத்துகள் கூர்மையாயின, வட்டம் வட்டமானது. மானிட்டரின் அளவு என்னவென்று கம்ப்யூட்டருக்குத் தெரியவிடாமல் மறித்தது அந்த டப்பாதான்.

"இத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல?" என்றார் நாகராசு.

"சொன்னேன்! வாய் வலிக்கச் சொன்னேன்!" டப்பாவை அவர் மேசையில் வீசினாள். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப்பார்த்தார்.

நிலவழகன் தணிந்த குரலில், "மதியம் படையல்மா. அப்பாவச் சரியாக் குடுத்துரு" என்றார். அவரிடம் கோபப்பட அவளுக்கு என்ன இருக்கிறது? உட்கார்ந்து சரிசெய்தாள். அச்சு வந்ததும் அவரே முகத்தைப் பார்த்துத் தலையாட்டி வாங்கிப்போனார். அதன்பிறகு நாகராசு அவளுக்கு வாங்கி வைத்த டீ ஆறிப்போய்க் கிடந்தது.

அடுத்த நாள் அவள் வரமாட்டாள் என்று நினைத்திருந்தார். வந்தாள். சிஸ்டத்தை ஆன் செய்யவில்லை.

"நிலவழகன் சாருக்குப் போன் போட்டு, தப்பு ஒங்களுதுன்னு சொல்லுங்க. அப்பறம் வேலை பாக்குறேன்."

நாகராசு முனகிக்கொண்டே போனை எடுத்தார். "அந்த பேனர் விஷயம்... நான் மாட்டுன டப்பாதாங்க கோளாறு. புள்ள மேல தப்பில்ல."

கடைசி வார்த்தைவரை கேட்டுவிட்டுத்தான் ஜாஸ்பின் சுவிட்சைத் தட்டினாள். முகம் இன்னும் இறுகித்தான் இருந்தது.